விடாப்பிடி

ராத்திரி பதினொன்றரை. துறைமுகச் சாலை. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மறுபக்கம் கடல். நடுவில் ஒரே ஆள்... எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனின் அக்கா புருஷன். கடற்படையில் மாலுமி. வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ, நெஞ்சில் புத்தம்புது மெடல். பாராட்டு விழா முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

சண்டையே இல்லாத காலத்தில் வாங்கிய வீரப் பதக்கம் அது. புயலில், கேப்டன் ஏறிப் போன கப்பல் படகு கவிழ்ந்தது. இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, மயங்கிக் கிடந்த கேப்டனை மார்போடு அணைத்து மேலே கொண்டுவந்தார். கடைசிவரை பிடியை விடவில்லையாம். அதனால் கப்பலில் "விடாப்பிடி" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் விடாப்பிடியாக இருந்தவன் வேறொருவன். அதே படகில் போன கப்பல் சமையல்காரன். கயிறு மேலே ஏறும்போது இவர் காலைப் பற்றிக்கொண்டு தொங்கினான். கயிறு தாங்காது என்று நினைத்தாரோ, பயந்துதான் போனாரோ... உதைத்தார். முகத்திலேயே உதைத்தார். ஏதோ நொறுங்கியது குதிகாலில் தெரிந்தது. பார்த்தவர் யாருமில்லை.

சரி, உயிர்ப்பயம், போகட்டும். அன்று விழாவில் செய்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சமையல்காரனின் மனைவி கைகூப்பிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

உண்மை வாய்வரை வந்ததாம். சுற்றிலும் கேமரா. "நான் போறதுக்குள்ள மூழ்கிட்டாரும்மா" என்றார். அவள் அதற்கும் நன்றி சொன்னாள். த்தூ! மெடலாம் மெடல்.

அந்தப் பொய்யோடு நடக்கிறார். முதலில் நாற்றம்... டீசலில் ஊறி அழுகின மீன் மாதிரி. அப்புறம் சத்தம்... சளக்... சளக்... நனைந்த துணி தரையில் இழுபடுகிறது. அவர் திரும்பவில்லை.

சட்டென்று கணுக்காலில் ஒரு கை.

சில்லென்று, கொழகொழவென்று... விரல் ஒரு பக்கம் போக, தோல் தனியாக வழுக்குகிறது.

"பிடிச்சிக்கிட்டேன்... இழுங்கண்ணே..."

பலமே இல்லாத பிடி. குனிந்து ஒரு கை கொடுத்திருக்கலாம். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் உதைத்தார்!

பிடி விட்டது. ஒரு கால் ஷூவும் அதோடு போயிற்று. மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, குழாயடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தார், தேய்த்தார்... விரலிடுக்கில் வெள்ளையாக ஒரு பிசுக்கு வந்துகொண்டே இருந்தது. கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னத்தங்க மிதிச்சிட்டு வந்தீங்க? கொடலப் புடுங்குது!"

அவர் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார்.

விடிந்தும் விடியாமலும் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், சமையல்காரனின் மனைவி. கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த வெள்ளை ஷூ. முகம் தெளிவாக இருந்தது, தூங்கி எழுந்த மாதிரி.

"ராத்திரி அவரு வந்துட்டாருண்ணே. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. மூக்கு மட்டும் நசுங்கி உள்ள போயிருக்கு. எப்படி ஆச்சுன்னு கேட்டா... உங்களையே கேட்டுக்கச் சொல்றாரு."