துணியறையில் விட்டது

பின்னேரம் ஏழு மணி. நுரைச்சோலை தாண்டிக் கண்டக்குழிக்குப் போற றோட்டு. காத்தைத் தவிர ஒரு சனமில்ல... அதுல எங்கட பக்கத்து வீட்டு றம்லாட மச்சாள் மர்ளியா ஸ்கூட்டியில போனதைக் கண்டவங்க இருக்காங்க. போனது மர்ளியாதானா எண்டதுதான் கதை. கிட்ட வந்து இரிங்க.

மர்ளியா ஆஸ்பத்திரியில நேர்ஸ். கல்லு மனசுக்காரி எண்டு ஊரே சொல்லும். நானும் சொல்லித் திரிஞ்சவள்தான். வார்ட்டுல சாவு, மௌத்து எண்டாலும் கண் கலங்காது. அதுக்கு அவ ஒரு வழி வெச்சிருந்தா. டியூட்டி முடிஞ்சதும் பெட்ஷீட் அடுக்கிற சின்ன அறைக்குள்ள போய், கதவைச் சாத்தி, நல்லா அழுவா. பிறகு கண்ணைத் துடைச்சு, அந்த அழுகைக்கே சொல்லுவாவாம்: "நீ இங்க இரி. நான் போய்ட்டு வாறன்."

வீட்டுக்குச் சிரிச்ச முகம்தான் போகும். வேலைக்குப் புதுசா வந்த நேர்ஸ் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்தாவாம்.

அண்டைக்கு வீட்டுல மகள் ஸும்ராவுக்குக் கடுங்காய்ச்சல். வார்ட்டுலயோ ஸும்ராட வயசுப் பிள்ளை ஒண்டு, மர்ளியாட விரலைப் பிடிச்சபடியே மௌத்தாப் போச்சு. மகள்கிட்ட ஓடணும். அதுக்கு முதல் அழுது முடிக்கணும். அறைக்குள்ள போனா...

அழுகை வரல்ல.

சவுக்கார மணம். ஈரத்துணி மணம். அவ எப்பவும் விட்டுட்டுப் போற மூலை வெறுமையாக் கிடக்கிற மாதிரி...

டக். வெளியில சாவி திரும்பிச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் அவட சொந்தக் குரல், அழுதழுது கட்டிப்போன குரல்:

"நீ இங்க இரி. நான் போய்ட்டு வாறன்."

தட்டினா. கத்தினா. செருப்புச் சத்தங்கள் கதவடியால போச்சு, வந்திச்சு... ஒண்டும் நிக்கல்ல. கைப்போனை எடுத்து வீட்டுக்கு அடிச்சா. ஸும்ராதான் எடுத்தாள்.

"மகள், உம்மா கதைக்கிறன்..."

"உம்மா இங்கதானே இருக்காங்க. என்னைக் கட்டிப் பிடிச்சு அழுறாங்க. விடுறாங்க இல்ல... நீங்க ஆரு?"

ஸும்ராட காய்ச்சல் மாறிட்டு. மர்ளியாதான் இப்ப இரவும் பகலும் அழுகை. வேலைக் கஷ்டம் கடைசியா உடைச்சிட்டு, பாவம், எண்டு ஊர் சொல்லுது.

ஆனா றம்லா ஒண்டு சொன்னாள். மர்ளியாட கைப்போன் அண்டைக்கே தொலைஞ்சிட்டாம். அந்தப் பழைய நம்பர்ல இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழுக்கு வீட்டுப் போன் அடிக்குமாம். மர்ளியா எழும்பிப் போய், எடுக்காமலே கட் பண்ணுவாவாம்.

அப்ப மட்டும்... அழுகை நிக்குதாம்.