ஒரு வருஷத்துப் புளி

அது தொறக்காதுக்கா. விடுங்க, கை வலிக்கப் போவுது. உங்க சாவி சரியான சாவிதான், நாங்கதான் பூட்ட மாத்திட்டோம். இருங்க, உள்தாழ்ப்பா கொஞ்சம் டைட்டா இருக்கும்... ஆங். வாங்க, உள்ள வாங்க. பாப்பா, நீயும் வாம்மா. அந்தப் பையக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்.

நீங்க பிரகதீஸ்வரி அக்காதானே? கேஸ் சிலிண்டர் புக்குல பேரு பாத்திருக்கேன். எம்பேரு எழில்மொழி. மொதல்ல ஒக்காருங்க. ஃபேன் ஓடாதுக்கா, பத்து மணிக்குப் போன கரண்டு இன்னும் வரல. கோடியக்கரையிலேருந்து விடியக்காலையே பஸ் ஏறிட்டீங்களா? மூஞ்சியெல்லாம் செவந்து போயிருக்கு. தண்ணி குடிங்க.

வாடகைக்கு இல்லக்கா.

வாடகைக்கு வரல. வாங்கிட்டோம். வீட்டக் கிரயம் பண்ணிட்டோம். ஏப்ரல் இருபத்தஞ்சு, வெள்ளிக்கிழமை. மே மாசம் எட்டாந் தேதி பால் காய்ச்சிக் குடி வந்துட்டோம்.

டம்ளரக் கீழ வச்சிருங்கக்கா, சிந்துது. பரவால்ல, விடுங்க, நான் தொடச்சிக்கிறேன். பொடவையில பட்டுருச்சா?

இல்லக்கா, நான் ஏன் பொய் சொல்றேன். பத்திரம் பேங்க்ல இருக்கு, நகல் இங்க இருக்கு, காட்டுறேன். உங்க வீட்டுக்காரரு கையெழுத்துத்தான். வீரையன்னு, அவரு தகப்பனாரு பேரெல்லாம் போட்டு. வீடு அவரு பேருல மட்டுந்தான் இருந்துச்சு, அதனால உங்க கையெழுத்து தேவையில்லன்னுட்டாங்க. என்னது, உங்க நகையா? இந்த வீடு கட்டறதுக்கா? தாலிச் செயினத் தவிர எல்லாத்தையுமா? அது தெரியாதுக்கா எங்களுக்கு. சத்தியமா அது தெரியாது.

போடுங்க, போன் போட்டுப் பாருங்க. சுவிட்ச் ஆஃப்னு வருதா? எங்களுக்கும் அதான் வருது. கரண்டு பில்லுல பேரு மாத்தணும்னு மே மாசம் நடுவுல கூப்ட்டோம், எடுக்கல. உங்ககிட்ட போன வாரம் வரைக்கும் பேசினாரா? சிங்கப்பூர்லேருந்தா? ஸ்கூல் தொறக்குறப்ப வந்தாப் போதும், அதுவரைக்கும் அம்மா வீட்டுலயே இருன்னு சொன்னாரா. ம். எதுத்த வீட்டுக்காரங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்க, அவங்களும் லீவுக்குப் பெங்களூரு போனவங்க இன்னும் வரல. மத்தபடி சுத்திலும் என்ன இருக்கு, வயலும் கல்லு நட்ட மனையும்தான்.

பாப்பா எங்க போவுது? போவட்டும்க்கா. தடுக்காதீங்க. அது ரூமுதானே அது. உள்ள கட்டில் இருக்காது. கட்டிலு, பீரோ, ஃபிரிட்ஜு எல்லாம் அவருதான் வேன் வச்சி ஏத்திக்கிட்டுப் போனாரு, வித்துருப்பாருன்னு நெனைக்கிறேன். மிச்சம் அத்தனையும் அந்த ரூம்லதான் அடுக்கி வச்சிருக்கேன். உங்க பொடவை, பாப்பா யூனிபார்ம், புஸ்தகம், தையல் மிஷினு. யாருக்காவது குடுத்துருவோமேன்னு எங்க வீட்டுக்காரரு ரெண்டு மூணு தடவ சொன்னாரு, நாந்தான் விடல. செவுத்துல நட்சத்திர ஸ்டிக்கரு ஒட்டியிருக்குல்ல, அதக்கூட கிழிக்கல. வீடு பூராவும் பெயின்ட் அடிச்சோம், அந்த ரூம மட்டும் விட்டுட்டோம். ஏன்னு கேட்டாரு. பெயின்ட் பத்தலன்னு சொல்லிட்டேன்.

ஒரு மாசமா கேட்டு சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுவேன்க்கா. பால்காரரா இருக்கும், கொரியரா இருக்கும். எட்டிப் பாத்துட்டு அப்பாடான்னு வந்து ஒக்காருவேன். இன்னைக்கு எட்டிப் பாத்தா நீங்க. சாவிய உள்ள விட்டுத் திருப்புறீங்க, திருப்புறீங்க, பாப்பா கிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கிறீங்க. பூட்டு துருப்பிடிச்சிருச்சுன்னு நெனச்சீங்களா? நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு இருந்தேன், தொறக்கக் கை வரல.

திட்டணும்னா திட்டுங்க. கேட்டுக்கிறேன். ஆனா கொஞ்சம் இதையும் கேளுங்க. எங்க வீட்டுக்காரரு இளம்பரிதி, ஸ்கூல் வாத்தியாரு. நான் லேப்ல வேல பாக்குறேன், இன்னைக்கு லீவு. கல்யாணம் ஆயி நாலு வருஷம், நாலு வாடகை வீடு. மே மாசம் அவருக்கு லீவு விட்டதும் சட்டி பானையக் கட்டுவோம். மத்தவங்க புதுசாக் கல்யாணம் ஆனா கொடைக்கானலு, ஊட்டின்னு போவாங்க, நாங்க வீடு தேடித் தெருத் தெருவாப் போவோம். எந்த ஊருன்னு கேப்பாங்க. ஒரத்தநாடு பக்கம்போம். பக்கம்னா எதுன்னு கேப்பாங்க, ஊருப் பேரச் சொல்லுவோம். அந்த ஊருல எந்தத் தெருன்னு கேப்பாங்க. அதோட முடிஞ்சிரும். எங்க சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு குடுக்குறதா இல்லம்மான்னு கதவு சாத்திரும். எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போயி என்னயப் படிக்க வச்சாங்க. கைய நீட்டி எங்கிட்ட ரத்தம் குடுக்குறவங்கதான் எல்லாரும், வீடு மட்டும் குடுக்க மாட்டாங்க.

கடைசியா இருந்த வீட்டு ஓனருங்க தெரியாம குடுத்துட்டாங்க. எங்கம்மா ஒரு நாளு வந்து தங்கிட்டுப் போச்சு. அடுத்த வாரமே மோட்டார் ரிப்பேருன்னு எங்களுக்குத் தண்ணிய நிறுத்திட்டாங்க. மாடியில அவங்களுக்கு மட்டும் கொட்டுது. ஏழு மாசம் அடுத்த தெருவுலேருந்து கொடம் தூக்கினேன்க்கா. அந்தக் கோவத்துல எடுத்த முடிவுதான், என்ன ஆனாலும் சரி, இனிமே ஒருத்தன் கேள்விக்குப் பதில் சொல்லிக் குடி போறதில்லன்னு.

உங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான் அந்தக் கேள்வியக் கேக்கல. எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல. அவசரத்துல இருக்குறவருக்கு அதெல்லாம் எதுக்குன்னு இப்பப் புரியுது, அன்னைக்குச் சாமி மாதிரி தெரிஞ்சாரு. நீங்க அவரு எடத்துல இருந்தா கேட்டிருப்பீங்களா? கேட்டிருக்க மாட்டீங்கன்னுதான் தோணுது. தெரியல.

பாப்பா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீங்க போயிருந்த அன்னைக்குத்தான் மொத மொத எங்களுக்கு வீடு காட்டினாரு. கொடியில உங்க துணி காயுது. குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம், மூணு பேருக்கும் விசா வந்துருச்சு, வீட்டுல ஒரே சந்தோசம்னு சொன்னாரு. உங்கள ஒரு தடவ பாக்கணும்னு கேட்டேன்க்கா. பாக்கலாம் பாக்கலாம்னாரு. அப்பறம் பாத்தா, அவ ஊருல சொல்லிட்டு வரப் போயிருக்கான்னுட்டாரு.

பேங்க்லேருந்து ஒருத்தரு வந்து வீட்ட அளந்தாரே, ஞாபகம் இருக்கா? வீட்டு வரிக்குன்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரா? அடப்பாவி. அந்த பேங்க்காரருக்கு மோர் கலக்கிக் குடுத்தீங்களாமே. அவரு எங்ககிட்ட வந்து, அந்த அம்மா நல்ல மாதிரிங்க, சிரிச்ச மொகமா மோர் குடுத்துச்சுன்னு சொன்னாரு. அதக் கேட்டுத்தான் நாங்க நிம்மதியா இருந்தோம். உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கிட்டோம்.

அழுவாதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல. அழுங்க.

என்னக்கா, அடுப்படியவே பாக்குறீங்க? ஆமா, அது உங்க புளி ஜாடிதான். வச்ச எடத்துலயே இருக்கு. நான் அதத் தொடறதில்ல, கடையில கால் கிலோ கால் கிலோவா வாங்கிக்கிறேன். இல்ல, ஒரு நாளு எடுத்தேன். பொய் சொல்லக் கூடாது. எங்க மாமியா வந்திருந்தாங்க, கடை சாத்தியிருந்துச்சு, எலுமிச்சங்கா அளவு எடுத்து ரசம் வச்சேன். எல்லாரும் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாங்க. நான் மட்டும் மோரு ஊத்திச் சாப்ட்டேன்.

இன்னும் கொஞ்சம் தண்ணி தரட்டா? பாப்பாவுக்கு ரெண்டு இட்லி இருக்கு, வைக்கட்டா? சரி, அப்பறமா.

எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டேன்க்கா, நீங்க வாசல்ல நிக்கிறப்பவே. அட்மிஷன் வேலைன்னு ஸ்கூலுக்குப் போயிருக்காரு, கெளம்பிட்டாராம். நல்ல மனுசன். உங்கள ஒரு கடுஞ்சொல்லு சொல்ல மாட்டாரு. ஆனா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்பாரு. அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு. உங்க ஆளு போன எடுக்கலன்னதும் அவருக்கும் மனசு ஒரு மாதிரி ஆயி, ஒரு வக்கீலப் போயிப் பாத்துட்டு வந்தாரு. அந்த அம்மா வந்து, என் நகையில கட்டின வீடு, என்னய ஏமாத்தி வித்துட்டாருன்னு கேஸு போட்டாலும் போடும்னு வக்கீலு சொன்னாராம். ஆனா நாங்க ஒண்ணும் தெரியாம நம்பி வாங்கினவங்க, எங்கள அசைக்கிறது கஷ்டம்னாராம். தெரிஞ்சேதான் வாங்கினாங்கன்னு ஒரு சின்ன ஆதாரம் கெடைச்சாலும் கத வேறன்னும் சொன்னாராம். இவரு சிரிச்சிக்கிட்டே வந்து எங்கிட்ட சொல்றாரு, நமக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே எழிலுன்னு.

அவருக்கு உண்மையிலயே தெரியாதுக்கா. சாமி மேல அடிச்சிச் சத்தியம் பண்ணுவாரு, அது பொய்ச் சத்தியம் இல்ல. அவரு மேல கோவப்படாதீங்க.

அவரு வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடணும். அவரு இருந்தா என்னால முடியாது.

பத்திரத்துக்கு மொத நாளு, வியாழக்கிழமை சாயங்காலம், கடைசியா ஒரு தடவ வீட்டப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். நீங்க ஊருக்குப் போயி நாலு நாளு ஆயிருக்கும். அவங்க ரெண்டு பேரும் மாடியில டேங்கு பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஆத்துல தண்ணி வந்துட்டா போருல நல்லா ஏறும், கோடையில மட்டுந்தான் கொஞ்சம் கொறையும்னு உங்க ஆளு சொல்றது கீழ வரைக்கும் கேக்குது. நான் அடுப்படியில நின்னு, மிக்ஸிய எங்க வைக்கலாம், குத்து விளக்க எங்க வைக்கலாம்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஜாடி இருந்துச்சு. சும்மாத்தான் தொறந்தேன். கழுத்து வரைக்கும் புளி. இந்த வருஷத்துப் புதுப் புளி. கொட்ட எடுத்து, நாரு எடுத்து, காய வச்சி, நடுநடுவுல கல்லுப்புப் போட்டு அமுக்கி வச்சிருக்கீங்க. ஒரு மாசங்கூட ஆயிருக்காது போட்டு. எங்கம்மா வருஷா வருஷம் போடுறதக் கூட ஒக்காந்து கொட்ட எடுத்தவ நான். வெரலு நுனியெல்லாம் ரெண்டு நாளைக்குக் காந்தும்.

சிங்கப்பூரு போறவ எதுக்குக்கா ஒரு வருஷத்துக்குப் புளி போடுறா?

அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. எல்லாம் தெரிஞ்சிருச்சு. நீங்க எங்கயும் போவல, திரும்பி வந்து இந்த அடுப்படியிலதான் கொழம்பு வைக்கப் போறீங்க, உங்களுக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு.

அலமாரிக் கதவு உள்பக்கம் பாப்பா ஒரு பேப்பர் எழுதி ஒட்டியிருக்குல்ல. கேஸு, பால்காரரு, ஸ்கூல் வேனு, அதுக்குக் கீழ அம்மா. அம்மாவச் சுத்தி மட்டும் பூ வரைஞ்சிருக்கு. அந்த நம்பருக்குப் போட்டேன்.

நீங்கதான் எடுத்தீங்க. பின்னாடி காத்து சத்தம், பாப்பா எதுக்கோ விழுந்து விழுந்து சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு. ஹலோன்னு மட்டும் சொன்னேன். யாரும்மா, சொல்லும்மான்னு ரெண்டு தடவ கேட்டீங்க. வாய் வரைக்கும் வந்துருச்சுக்கா. அதுக்குள்ள மாடிப்படியில எறங்குற சத்தம். எங்க வீட்டுக்காரரு சிரிச்சிப் பேசிக்கிட்டே எறங்கி வர்றாரு. இந்த நாலு வருஷத்துல அவரு அப்படிச் சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

ராங் நம்பருங்கன்னு சொல்லிட்டேன். பரவால்லம்மான்னு சொல்லிட்டு வச்சீங்க.

மறுநாளு பத்தரை மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸு. பத்திரத்துல என் பேரும் இருக்கு. போட்டோ எடுத்தாங்க, கைநாட்டு வாங்கினாங்க, கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்.

அந்தா, பைக் சத்தம். அவருதான் வர்றாரு.

ஏப்ரல் இருபத்தி நாலு, சாயங்காலம் அஞ்சே முக்காலு இருக்கும். உங்க போன்ல தேடிப் பாருங்க, கடைசி மூணு நம்பரு ஏழு ஏழு ரெண்டு. உங்ககிட்ட அழிஞ்சு போயிருந்தாலும் போயிருக்கும். என் போன்ல அந்த நம்பருக்குப் போட்டத நான் அழிக்கல. இந்தாங்க என் போனு, அவரு கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கையில வாங்கிக்கிருங்க.