மைனஸ் இருபது

ஒத்தக்கடையில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இருவரும் கல்லூரி வாத்தியார்கள். இளையவர் சொன்னார்:

“மைனஸ்ல வரவே கூடாத விடை, கம்ப்யூட்டர்ல மைனஸ்ல வந்திருச்சுண்ணே.”

“எதுக்கு?”

“எக்ஸ்பொனென்ஷியல் மைனஸ் இருபதுக்கு. புள்ளிக்கு அப்புறம் எட்டு சைபர் போட்டு வரணும். புஸ்தகத்துல உள்ள ஃபார்முலாவை அப்படியே போட்டேன். கோடிக்கணக்குல கூட்டிக் கழிக்கையில, மிஞ்ச வேண்டிய துளியூண்டு தொலைஞ்சு போச்சு.”

“அப்ப எப்பிடித்தான் போடுறது?”

“பிளஸ் இருபதுக்குக் கண்டுபிடிச்சு, ஒன்னை அதால வகுத்தாப் போதும். சரியா வருது.”

“நல்ல யோசனையால்ல இருக்கு மாப்ள!”

“எம் யோசனை இல்லண்ணே. ஒரு பொண்ணு பரிட்சையில எழுதியிருந்தா. ஃபார்முலா தெரியாம சுத்தி வளைக்குதுன்னு முட்டை போட்டுட்டேன்.”

பெரியவர் கேட்டார்:

“பேப்பர் இன்னும் டிபார்ட்மென்ட்லதான கெடக்கு?”

“ஆமாண்ணே.”

உத்தங்குடியில் இளையவர் மட்டும் இறங்கி, ரோட்டைக் கடந்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நின்றார்.