இரண்டு வண்டிக்கு ஒரு தூக்கம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் இருக்கின்றன. வயது நாற்பத்தேழு. லாரி டிப்போவின் பின்வாசலுக்கு எதிரே மாடி வீட்டில் மனைவியுடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறேன், அதில் ஒன்பது வருடம் இந்த நிறுவனத்தில். விபத்தில் இறந்தவர் என் தங்கையின் கணவர். அவரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நான்தான். விபத்துக்கு மறுநாள் இதே காவல் நிலையத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் வண்டிகளில் ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஓட்டுகிறார் என்பதைத் தானாகப் பதிவு செய்யும் கருவி உண்டு. நாங்கள் அதை டப்பா என்போம். பத்து மணி நேரம் ஓட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அதன் பிறகு எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்தால்தான் பச்சை வரும். வண்டி நின்று ஐந்து நிமிடம் ஆனால் டப்பா அதை ஓய்வு என்று எழுதிக்கொள்ளும். ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்தினால் அந்த ஓய்வு கலையாது. இது எங்கள் மேலாளருக்கு நன்றாகத் தெரியும். கிடங்கு வாசலில் லோடுக்காக வரிசையில் நிற்கும் நேரத்தை எல்லாம் அவர் எங்கள் தூக்கத்தில் சேர்த்துவிடுவார். வண்டியை உருட்டிக்கொண்டே ஒருவன் எப்படித் தூங்குவான் என்று ஒருமுறை கேட்டதற்கு, "டப்பா தூங்குனா போதும்ணே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதனால் ஓட்டுநர்கள் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிக்காரர்களில் ஒருவர் படுப்பார், மற்றவர் இரண்டு வண்டியையும் நகர்த்துவார். பாதி நேரம் ஆனதும் ஆள் மாறுவோம். எட்டு மணி நேரத்தில் ஆளுக்கு நாலு மணி நேரமாவது நிஜத் தூக்கம் கிடைக்கும்.

சம்பவத்தன்று முந்தைய மாலை ஏழு மணியிலிருந்து ஓட்டி, காலை ஐந்து மணிக்கு நானும் மாப்பிள்ளையும் கிடங்கு வரிசையில் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு வண்டி நின்றது. அவர் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். "நீங்க மொதல்ல படுங்க மச்சான், ஒம்பது மணிக்கு எழுப்புறேன்" என்றார். நான் என் வண்டியின் பின்சீட்டுப் பலகையில் படுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வண்டி உள்ளே போகும்போதும் அவர் தன் வண்டியை நகர்த்திவிட்டு இறங்கி, என் வண்டியில் ஏறி அதையும் நகர்த்திவிட்டு, மறுபடி இறங்கிப் போனார்.

அதன் பிறகு ஒன்பது மணிக்கு வந்து என் காலைத் தொட்டு, "மச்சான், மணி ஒம்பது" என்றார். எனக்குக் கேட்டது. நான் அசையவில்லை. இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தேன். அவர் இரண்டாம் முறை தொடவில்லை. "பாவம், அசந்து தூங்குறாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என் முகத்தில் வெயில் படாமல் சன்னல் திரையை இழுத்துவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு நான் உண்மையாகவே தூங்கிவிட்டேன். ஒரு மணிக்கு, லோடு ஏற்றும் சத்தத்தில்தான் எழுந்தேன். ஏன் எழுப்பவில்லை என்று அவரிடம் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது. "விடுங்க மச்சான், வீட்டுக்குப் போய் ஒரேயடியா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிக்கிறேன்" என்றார். இரண்டு டப்பாவிலும் பச்சை எரிந்தது.

அதன் பிறகு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். புறவழிச் சாலையில் இரண்டு பத்துக்கு அவர் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கியது. நான் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தேன். பழுதாகி ஓரத்தில் நின்ற ஜல்லி லாரியின் பின்புறம் மோதும்வரை அவர் பிரேக் விளக்கு எரியவே இல்லை. நான் ஓடிப்போய் சன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாராவது குறுக்க வந்தாங்களா மச்சான்?" என்று கேட்டார். "யாரும் இல்ல மாப்ள" என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. நாலு மணிக்குத் தீயணைப்புக்காரர்கள் கதவை அறுத்து எடுத்தார்கள். டப்பாவின் பதிவுத் தாளை நான் பார்த்தேன். இரண்டு பதினைந்திலிருந்து அவர் ஓய்வில் இருக்கிறார் என்று அதில் அச்சாகியிருக்கிறது.

அதன் பிறகு பதினோராம் நாள் நிறுவனத்திலிருந்து என் தங்கைக்குக் கடிதம் வந்தது. ஓட்டுநர் முழுமையாக எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்திருப்பதால் விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம், கைபேசி பார்த்தபடி ஓட்டியிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு தங்கை என் வீட்டுக்கு வந்தாள். "ஏண்ணே, அவர் போனா பாத்துட்டிருந்தார்? நீதானே பின்னாடி வந்தே?" என்றாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அதன் பிறகு மேலாளரிடம் போய், கடிதத்தை மாற்றுங்கள், மாப்பிள்ளை தூங்கவே இல்லை என்றேன். "அவரு ரெக்கார்டு பொய்னா உங்க ரெக்கார்டும் பொய்தான்ணே. லைசென்ஸ் போயிரும், பாத்துக்கங்க" என்றார். பெரிய ஞானி. என்னுடையது ஒன்றுதான் பொய் இல்லை. அந்த எட்டு மணி நேரமும் நான் தூங்கினேன். அதில் பின்பாதி நாலு மணி நேரம் மாப்பிள்ளையுடையது.

விபத்துக்குக் காரணம் கைபேசி இல்லை, அவர் குணத்தில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். உரிமம் போனால் போகட்டும். மேலாளர் சொன்னதையும் நான் சொன்னதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டதற்கு, அது வழக்கம் இல்லை என்று அதிகாரி சொன்னார்.

இதுவரை எழுதியதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். என்னுடன் வந்திருந்த தங்கை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்ததால் அவளுக்கும் கேட்டது. படித்து முடித்ததும் உள்ளே வந்து, "காலைத் தொட்டு எழுப்பினாரா?" என்று கேட்டாள். எழுப்பினார் என்றேன். என்னைக் கூப்பிடாமல் அவள் கிளம்பிப் போய்விட்டாள். இதையும் சேர்த்து எழுதும்படி நான்தான் சொன்னேன்.

தூங்கிய நேரம் போக, மேலே கண்டவை எல்லாம் நான் விழித்திருந்து கண்டதும் செய்ததும்தான். ஒன்பது மணிக்கும் நான் விழித்துத்தான் இருந்தேன்.

(கையொப்பம்)