தப்புக் காணிக்கை

காலப் பாத்துட்டுத்தான கேட்டீங்க? பரவால்ல சார், கேக்காதவங்க யாரு. கிருஷ்ணகிரியில ஏறறப்ப கண்டக்டரே கேட்டாரு, அடுப்புல கால வெச்சயான்னு. கொப்புளந்தான். ஒம்போது. அஞ்சுக்கு துணி கட்டியிருக்கு, மீதி நாலுக்கு வேட்டியக் கிழிக்கணும், அதான் விட்டுட்டேன். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போயிட்டு வர்றோம் சார். சூளகிரியில இருந்து. ஆமா, நடந்துதான். போறதுக்கு மட்டும் ஆறு நாளு. திரும்பறப்ப ஒகேனக்கல் வரைக்கும் காலு, பென்னாகரத்துல இருந்து பஸ்ஸு.

நாங்கன்னா, நானும் அவனும். நமக்கு நேர் பின்னாடி சீட்டுல சன்னல்ல தலைய முட்டுக் குடுத்து குறட்ட விடுது பாருங்க, அதான் கங்கப்பன். பஸ்ஸு இஞ்சின்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்புடித்தான் நெனைக்கறாங்க. எம்பேரு ஆஞ்சப்பன். ரெண்டு பேரும் கெணறு வெட்டறவங்க. நான் கீழ எறங்கி வெட்டுவேன், பாறைக்கு வேட்டு வெப்பேன். அவன் மேல நின்னு எனக்கு கயிறு புடிப்பான். இருபது வருசமாச்சு. ஊர் ஊரா போயி கெணத்து மேட்டுலயே படுத்துக்குவோம், அதனால அந்தக் குறட்ட எனக்கு எங்கப்பன் கொரல விட நல்லா தெரியும்.

வேண்டுதலா? ஊர்ல அப்புடித்தான் சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க ஓசூர் போயிட்டா நீங்க யாரோ நான் யாரோ. வேண்டுதல் எல்லாம் சும்மா. அவங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். ஊர்ல சொன்னா அவன் பொண்டாட்டி சாந்தம்மா இருக்கும், கோவம் வந்தா அவன் எந்திரிச்சு வூட்டுக்குப் போயிருவான். நடுக்காட்டுல சொன்னா எங்க போவான்? அப்புடி ஒரு கணக்கு. கேட்டாலும் கேக்காட்டியும் கூட நடந்துதான ஆகணும். நல்ல யோசனதான சார்? எனக்கும் அப்புடித்தான் தோணுச்சு.

என்னா விசயமா? சொல்றேன் சொல்றேன். ஆறு நாள் காட்டுலயே வராதது, ஒரு பஸ்ஸு டிக்கெட்டுல வந்துருமா.

மொத நாளே மானம் போச்சு. மாதப்பாவுக்கு, அதான் மாதேஸ்வரனுக்கு, நடக்கறவன் செருப்பு போடக் கூடாது. அது தெரியாத மாதிரி நான் புதுசா டயர் செருப்பு வாங்கி, ரெண்டு வாரம் போட்டுப் பழகி, கெளம்பற அன்னைக்கு மாட்டிட்டு நிக்கறேன். கங்கப்பன் காலப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான். நானா கழட்டி மூட்டையில வெச்சேன். மூட்டையா அது? அரிக்கேன் லைட்டு, கொடை, ரெண்டு தேங்கா, சட்டி, ராகி மாவு அஞ்சு படி. அவன் ஒரு துண்டு முடிச்சோட வந்தான். கெலமங்கலம் தாண்டறதுக்குள்ள எம்மூட்டை அவன் தலையில ஏறிருச்சு. நான் கேக்கல சார், சத்தியமா. அவனா வாங்கிக்கிட்டான். தப்பு பண்ணது நான், சொமக்கறது அவன். அன்னைக்கே வாய் பாதி அடைச்சுப் போச்சு.

தேன்கனிக்கோட்டையில சொல்லலாம்னு ஒரு ஆலமரத்தடி பாத்து குந்துனோம். கங்கப்பா, உங்கிட்ட ஒண்ணு பேசணும்னேன். பேசுன்னான். சாப்பாட்டுக்கு என்னா பண்றதுன்னு கேட்டுட்டேன். என்னமோ பாருங்க, அறுவது அடி ஆழத்துல திரிய பத்த வெச்சுட்டு, மேல தூக்குங்கடான்னு கயித்த ஆட்டற ஆளு நானு. அதுக்கு ஒரு நாளும் பயந்ததில்ல. வாயத் தொறக்கத்தான் பயம்.

அஞ்செட்டி காட்டுல நெசமாவே ஆரம்பிச்சுட்டேன். சுத்தியும் மூங்கிலு, ஆள் நடமாட்டம் இல்ல. கங்கப்பா, ஆறு வருசத்துக்கு முன்ன நம்ம மாரியம்மன் கோயில்லன்னு இழுத்தேன். அவன் கைய நீட்டி நிறுத்துன்னான். மூங்கிலுக்குள்ள படபடன்னு ஒடையற சத்தம். ஆனை! அப்புறம் எங்க கோயிலு, எங்க மாரியம்மா. கொப்புளக் காலோட நான் மரம் ஏறுன வேகத்த நீங்க பாத்திருக்கணும். ரெண்டு பேரும் ஒரே கெளையில அர நாளு. பக்கத்துல பக்கத்துல, எங்கயும் ஓட முடியாது. சொல்லறதுக்கு அதவிட நல்ல எடம் உண்டா? சொன்னேனா? உகே மாதப்பா, உகே மாதப்பான்னு கன்னடத்துல கும்புட்டுட்டு கண்ண மூடிக்கிட்டேன். கடசியில மூங்கில வெலக்கிட்டு வந்தது ஒரு எருமை. கழுத்துல மணி வேற. மேய்க்கற அம்மா எங்கள அண்ணாந்து பாத்துட்டு, அத ஓட்டிட்டுப் போயிருச்சு.

ஒகேனக்கல்ல பரிசல். ஆத்துக்கு அக்கரை முன்ன நம்ம மெட்ராஸ் ராஜ்யம், இப்ப ஒண்ணர வருசமா மைசூர் ராஜ்யமாம். மாதப்பாவுக்கு யாராச்சும் சொன்னாங்களோ என்னமோ. நடு ஆத்துல சொல்லிடறதுன்னு வாயத் தொறக்கறேன், பரிசல் சுத்துது. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. சிரிக்காதீங்க, கெணறு வெட்டறவனுக்கு நீச்சல் எதுக்கு? தண்ணி வந்ததும் மேல வந்துர்றதுதான் எங்க வேல. இவன் கோவத்துல ஒரு தள்ளு தள்ளுனா என்னா ஆவறதுன்னு வாய மூடிக்கிட்டேன். அவனப் பத்தி அப்புடி நெனச்சேன் பாருங்க, அவனப் போயி.

மலைக்குப் போயாச்சு. அங்க ஒரு வழக்கம் இருக்கு. தெரிஞ்சு செஞ்ச தப்பு ஏதாச்சும் இருந்தா, மனசுல அத நெனச்சு ஒரு காசு உண்டியில போடணும். தப்புக் காணிக்கைன்னு பேரு. வாயால யாருகிட்டயும் சொல்லத் தேவையில்ல. எனக்குன்னே பண்ண வழக்கம் மாதிரி இருந்துச்சு. ஆஹா, மாதப்பா, ஆறு நாள் நடத்தி கடசியில என்னைய காப்பாத்திட்டயேன்னு எட்டணா போட்டேன். திரும்பறேன், பின்னாலயே கங்கப்பனும் போடறான். உனக்கென்னடா தப்புன்னேன். பிரிக்கக் கூடாதத ஒண்ண பிரிச்சுப் பாத்துட்டேன்டா, ரொம்ப நாளா உறுத்துதுன்னான். எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. போன மாசம் சந்தையில வாங்கி, கோயிலுக்குப் போயிட்டு வந்து தின்னலாம்னு பரண்ல ஒளிச்சு வெச்சிருந்தேன் ஒரு கருவாட்டுப் பொட்டலம். அது அவுந்து கெடந்துச்சு. பூனைன்னு நெனச்சேன். அட திருடா, நீதானான்னு மனசுக்குள்ள சிரிச்சுட்டு, போனா போவுதுன்னு விட்டுட்டேன். பெரிய மனுசன் மாதிரி.

இது எந்த ஊரு, குருபரப்பள்ளியா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான். என்னாங்க? சத்தமா பேசறேனா? பஸ்ஸு சத்தங்க. மேடு ஏறுதுல்ல.

எட்டணா போட்டா எறங்கிரும்னு பாத்தேன், எறங்கல சார். அதான் உங்ககிட்ட சொல்லிடறேன். ஆறு வருசத்துக்கு முன்ன ஒரு தோட்டத்துல ஆயில் இஞ்சின் நின்னு போச்சு. அது யாருக்கும் புடிபடல. கங்கப்பன் காத வெச்சுக் கேட்டான், ஒரு ஸ்பேனர வாங்கி எதையோ திருவுனான், ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்தத் தோட்டக்காரர் வூட்டுக்கு ஒறம்பரையா ஒரு மேஸ்திரி வந்திருந்தாரு, பெங்களூர்ல புது மிசின் பாக்டரியில வேல. அவரு பாத்துட்டு, இந்தக் கை கெணத்து மேட்டுல கெடக்கற கையா, வா எங்கூட, வேல வாங்கித் தர்றேன்னுட்டாரு. மாசச் சம்பளம், குடியிருக்க வூடு. சாந்தம்மா அன்னைக்கே பாத்திரத்த எல்லாம் வெளக்கி அடுக்கிருச்சு.

இவனுக்கு ரெண்டு மனசு. சரி, மாரியம்மாகிட்ட பூ கேட்டுருவோம்னான். உங்க பக்கமும் உண்டுல்ல? வெள்ள அரளி ஒரு எலையில, செவ்வரளி ஒரு எலையில பொட்டலம் கட்டி அம்மா காலடியில வெக்கணும். கேக்கறவன் கண்ண மூடி ஒண்ண எடுக்கணும். வெள்ள வந்தா போலாம், செவப்பு வந்தா வேணாம். எடுக்காத பொட்டலத்தப் பிரிச்சுப் பாக்கக் கூடாது, அப்புடியே கொண்டு போயி தண்ணியில போட்டுரணும். பிரிச்சா அம்மாவ சந்தேகப்பட்ட மாதிரி. பொட்டலம் கட்டறவன் சொந்தக்காரனா இருக்கக் கூடாது. அதனால நான் கட்டுனேன்.

ரெண்டுலயும் செவப்பு வெச்சேன் சார்.

ஆமா. ரெண்டுலயும். வெள்ள அரளிய இடுப்புல சொருகிக்கிட்டேன். ஏன்னா கேக்கறீங்க? பொறாமன்னு நெனைச்சீங்கன்னா அது கூட கொஞ்சம் கௌரவமா இருக்கும். பயங்க. வேட்டுக்கு திரி பத்த வெச்சதும் மேல இருக்கறவன் எல்லாம் தூரமா ஓடிருவான். கயிறு புடிக்கறவன் ஒருத்தன்தான் நிப்பான். கல்லு தலைமேல வந்து வுழுந்தாலும் நிக்கணும். அப்புடி நிக்கற ஆளு எங்க பக்கத்துலயே அவன் ஒருத்தந்தான். அவன் பெங்களூர் போயிட்டா நான் எவன் கையில கயித்தக் குடுத்துட்டு எறங்கறது? அவ்வளவுதான் சார். என் உசுருக்காக அவன் பொழப்புல மண்ணப் போட்டேன்.

அவனுக்குப் பதிலா எங்கூர் திம்மப்பன் போனான். இப்ப பொங்கலுக்கு வர்றான், கையில வாட்ச்சு, மணி கேக்காதவங்களுக்கும் மணி சொல்றான். ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் வித்தியாசம் தெரியாத பய.

அதோட போயிருந்தா கூட நான் மறந்திருப்பேன், எனக்கு மனசாட்சி எல்லாம் அவ்வளவா கெடையாது. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, சூளகிரிக்கு இந்தாண்ட ஒரு கெணறு. திரிய பத்த வெச்சுட்டு கயித்த ஆட்டறேன், மேல போறேன், பாதியில கப்பி ஒடஞ்சு போச்சு. கயிறு சர்ருன்னு ஓடுது, நானும் கீழ போறேன், அங்க திரி எரியுது. டக்குனு நின்னேன். மேல இவன் கயித்தக் கையில சுத்திக்கிட்டு பாறையில கால முட்டுக் குடுத்து நிக்கறான். வெறுங்கையில என்னைய இழுத்தான் சார். நான் மேட்டுல கால வெச்சேன், கீழ வெடிச்சுச்சு. அவன் வலது கையில ரெண்டு வெரல் இன்னைக்கும் மடங்காது. எந்த பாக்டரியிலயும் இனிமே அந்தக் கைய எடுத்துக்க மாட்டாங்க.

போன மாசம் ஒரு நாள் அந்த வெரலுக்கு எண்ண தேச்சுட்டே சொல்றான், அம்மா அன்னைக்கு போகாதன்னு சொன்னது நல்லதுக்குத்தான்டா ஆஞ்சப்பா, போயிருந்தா மிசின்ல கையே போயிருக்கும்னு. சொல்லிட்டு என்னையவே பாக்கறான். மறுநாள்தான் மலைக்குப் போலாம்னு கூப்புட்டேன்.

இல்லங்க, திரும்பிப் பாக்காதீங்க. குறட்ட நின்னு போச்சுன்னு எனக்கும் தெரியும். குருபரப்பள்ளியிலயே நின்னுருச்சு. இருபது வருசமா கேக்கற குறட்ட சார், நின்னா எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் உங்ககிட்டயா சத்தமா பேசுனேன்? அவன் மூஞ்சியப் பாத்து சொல்லத் துப்பில்ல, உங்க மூஞ்சிய கடன் வாங்கிக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க.

அவன் ஒண்ணும் பேச மாட்டான். அன்னைக்கும் அப்புடித்தான். செவப்பு வந்ததும் சரின்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். எடுக்காத பொட்டலத்த அவனேதான் கொண்டு போனான், கெணத்துல போட்டுட்டு வர்றேன்னு. நெறைய நேரமா வரல. நான் கோயில்ல குந்திக்கிட்டு, அழுவறான் போலன்னு...

இருங்க.

இருங்க சார். மலையில என்னா சொன்னான்னு சொன்னேன்? பிரிக்கக் கூடாதத... ரொம்ப நாளா உறுத்துதுன்னான். கருவாடு போன மாசந்தான சார் வாங்குனேன்?

சூளகிரி வந்துருச்சா? விசில் அடிச்சுட்டாரே. சார், எனக்குத் திரும்பத் தைரியம் இல்ல, நீங்க பாருங்க. எந்திரிச்சுட்டானா? கையில என்னா வெச்சிருக்கான்? மூட்டை சார், எத்தன மூட்டை? ரெண்டா? நல்லாப் பாத்தீங்களா, என்னுதும் சேத்தா?

கொஞ்சம் வழி விடுங்க, காலு, காலு. கண்டக்டரே, ஆள் எறங்கறேன். ஏ கங்கப்பா! நில்லுடா. அன்னைக்கு அந்தக் கயித்தப் புடிச்சப்ப உனக்குத் தெரியுமாடா?