ஐந்தாம் நாள் முளைத்த புள்ளிகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் ம்வாலே அவர்களே! முன்வரிசையை அழகுசெய்யும் முதியோரே! ஏரிக்கரையில் உசிப்பா மீனைக் காயப்போட்டுவிட்டு, காக்கை கொத்தினால் கொத்தட்டும் என்று ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! காது மருத்துவன் கொண்ட்வானியின் பணிவான வணக்கம்!

இந்த மலாவிக் கரையில் பிறந்த பிள்ளைகளின் முதல் சேதியைக் கேட்டவர் யார்? தாயின் வயிற்றில் மரக்குழலை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, கருவின் துடிப்பைக் கேட்டவர் யார்? மருத்துவச்சி தியாமிகே! அந்தக் காதில்தான் மூன்றாண்டாகச் சீழ். இன்னொரு காது எப்போதோ போய்விட்டது. எஞ்சியதும் மங்கிக்கொண்டே வந்தது.

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்குங்க டாக்டர்? வீட்ல உக்காந்து நிசிமாக் களி கிண்டவா?" என்று கண்கலங்கினார்.

சீழை எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். எங்களிடம் கிருமி வளர்த்துப் பார்க்கும் கண்ணாடித் தட்டுகள் குறைவு. இரண்டு நாள் பார்ப்போம். கிருமி வளரவில்லையா, தட்டைக் கழுவி அடுத்தவருக்கு வைப்போம். மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் 'கிருமி இல்லை' என்றே தாள் வந்தது. படித்தேன், நம்பினேன், பழைய சொட்டுமருந்தையே கொடுத்தேன்.

நான்காம் முறை அந்தத் தட்டைக் கழுவ வேண்டியவர், இதோ தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, பரிசோதகர் லினிவே! கழுவினாரா? இல்லை. சூட்டுப்பெட்டியின் மூலையில் ஒளித்துவைத்தார். ஐந்தாம் நாள் என்முன் நீட்டினார். ஊசிமுனையளவு புள்ளிகள்!

"தூசும்மா அது," என்றேன்.

"நேத்தைவிட இன்னைக்குப் பெருசாகுற தூசா? உங்க வீட்டுத் தூசு வேணா வளரும் டாக்டர்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! என்னம்மா கேட்கிறீர்கள்? ஆமாம், தட்டை ஒளித்ததற்குத் திட்டும் வாங்கினார். திட்டிய புண்ணியவானும் நானே!

அவர் அசரவில்லை. மறுபடி சீழ் எடுத்தார்; மறுபடி அதே புள்ளிகள். மெல்ல வளரும் கிருமி அது! பெயரைச் சொன்னால் என் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தேடிப் பிடித்தவரும் அவரே. மருந்தை மாற்றினோம். ஆறு வாரத்தில் சீழ் வற்றிக் காது காய்ந்தது, செவியும் தெளிந்தது.

படித்த நான் அவசரப்பட்டேன். பார்த்த அவர் பொறுத்திருந்தார். எத்தனை பேரை இப்படிக் 'கிருமி இல்லை' என்று திருப்பி அனுப்பினோமோ! அவர்கள் எல்லோரும் திரும்பி வாருங்கள். இன்று முதல் காதுத் தட்டுகள் ஐந்து நாள் காத்திருக்கும்.

சென்ற மாதம் ஒரு தாயின் வயிற்றில் தியாமிகே குழலை வைத்தார். "துடிப்பு தடுமாறுது, வண்டிய எடுங்கடா!" என்று கத்தினார். வண்டி பறந்தது. அறுவை மேசையில் பிழைத்துப் பிறந்த அந்தப் பெண்குழந்தைதான், அதோ, மூன்றாம் வரிசையில் வீறிடுகிறது.

லினிவே, இந்தக் கரையே உங்களுக்கு நன்றி சொல்கிறது! கூடிய உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தம்பி, ஒலிபெருக்கியை நிறுத்து. குழந்தை அழட்டும், தியாமிகே கேட்கட்டும்!