மாகோகு தேசத்தில் ஓர் அறை

முழந்தாளில் நின்று கதைப்பது எனக்கு இன்னும் பழக்கப்படவில்லை, பாதர். டெனிஷ்காரர் கோயிலை நன்றாகச் சூடாக்குகிறார்கள்; இந்தப் பலகைக்கு ஒரு மெத்தை போட மட்டும் மறந்துவிட்டார்கள். பரவாயில்லை. நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம், ஆனால் சிக்கலில்லாதது.

நான் சுஜிந்தன். நீக்கிலாஸ் அண்ணையின் வீட்டில் அறை எடுத்திருக்கும் பெடியன். அவரை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஊரில், பேசாலையில், அவருக்கும் மேரிசெலின் அக்காவுக்கும் கலியாணம் கட்டிவைத்தவரே நீங்கள். இப்போது நீங்கள் ஜெர்மனியிலிருந்து மாதம் ஒருமுறை வந்து எங்களுக்குத் தமிழில் பூசை வைக்கிறீர்கள். அவர் கோல்டிங்கில் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் மீன்தான் சமைப்பார். பன்றியின் மணம் மூக்கை விட்டுப் போவதில்லையாம்.

அந்த வீட்டை அவர் குடும்பத்துக்காக எடுத்தார். மனைவியையும் மகனையும் கூப்பிட விண்ணப்பம் போட்ட கையோடு, ஜன்னலால் குடாக்கடல் தெரிகிற ஓர் அறையில் சின்னக் கட்டிலும் வாங்கிப் போட்டார். பிறகு என்ன நடந்தது என்பது இன்று டென்மார்க் முழுவதற்கும் தெரியும். தமிழர்களின் விண்ணப்பங்களை அடுக்கின் அடியில் வைத்துவிட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வருடங்கள் போயின. கட்டிலில் நான் வந்து படுத்தேன்.

"தம்பி, அவையள் வருமட்டும் இரும். வந்த உடனை வேறை இடம் பாக்கோணும், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். அந்த நேரத்தில் அது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

நல்ல அறை, பாதர். கல்லூரிக்கு நடந்தே போகலாம். கோல்டிங்கில் ஒரு மாணவனுக்கு, அதுவும் எங்கள் நிறத்து மாணவனுக்கு, அப்படியொரு அறை வேறெங்கும் கிடைக்காது.

கல்லூரியில் சமயப் பாடத்துக்காகப் பழைய யூதத் தீர்க்கதரிசிகளைப் படித்தோம். கல்லூரிச் சஞ்சிகையில் நான் பகிடிக் கட்டுரை எழுதுகிறவன். எசேக்கியேல் சொன்ன, கடைசி யுத்தத்துக்குப் படை கிளம்பும் மாகோகு தேசம் உண்மையில் பக்கத்து ஊரான பிரெடெரிசியாதான் என்று ஒரு பக்கத்தில் நிரூபித்தேன். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்வதுதான் என் கெட்டித்தனம். டெனிஷ் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அண்ணைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "இன்னொருக்காச் சொல்லும்," என்றார்.

ஈராக் குவைத்துக்குள் புகுந்த ஆவணி மாதம் அது. அதற்குச் சற்று முன்புதான் அவருடைய அனுமதி வந்திருந்தது. கடைசியில் யாரோ அடுக்கைப் புரட்டியிருக்கிறார்கள். குறித்த காலத்துக்குள் குடும்பம் வந்து இறங்க வேண்டும். தவறினால் அனுமதி செல்லாது. ஊரில் மறுபடி சண்டை தொடங்கி, அக்கா மகனோடு மடு மாதா கோயிலில் அகதியாக இருந்தார். கொழும்பில் இருந்த அக்காவின் தங்கை கிளோறியா அவர்களை ஏற்றிவர ஒரு வான் ஒழுங்குசெய்திருந்தார். இனி விமானம் ஏறுவதுதான் மிச்சம்.

எனக்கு மிச்சமிருந்தது வேறு அறை தேடுவது.

நான் ஒன்றையும் கட்டிச் சொல்லவில்லை. மெசியா வெளிப்படும் வருடத்தில் பாரசீக ராசாவும் அரபு ராசாவும் மோதிக்கொள்வார்கள், உலகம் கலங்கும் என்பது யூதப் பெரியவர்களின் பழைய நம்பிக்கை. ஈரானும் ஈராக்கும் அடிபட்டு ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. வடக்கிலிருந்து கோகு என்பவன் பெரும் படையோடு வருவான் என்றார் எசேக்கியேல். உக்கிரம் கடந்துபோகும்வரை உள்ளறைக்குள் ஒளிந்துகொள்ளச் சொன்னார் ஏசாயா. எல்லாம் முன்பே உள்ளவை. நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"வடக்கு எண்டால் றஸ்யாவோ தம்பி?"

"அப்பிடித்தான் சொல்லுகினம் அண்ணை."

அவர் தாடையைச் சொறிந்தார். "எருசலேமில நிண்டு பாத்தால் நாங்களும் வடக்குத்தானே?"

உண்மையைச் சொன்னால் அது எனக்குத் தோன்றவில்லை. என்னைவிட அவருக்கு இதில் கை வந்தது.

"தீவுகளில சுகமா இருக்கிறவைக்கும் நெருப்பு வருமெண்டு இருக்கு," என்றேன்.

"கோல்டிங் தீவில்லையே."

"பிரெடெரிசியாப் பக்கம் ரெண்டு பாலம் கிடக்கு அண்ணை. அங்கால தீவுதான்."

"ஓம்," என்றார் மெதுவாக. "பாலத்தால நெருப்பு வர எவ்வளவு நேரம்."

பிறகு டென்மார்க் வளைகுடாவுக்கு ஒரு போர்க்கப்பலை அனுப்பியது. செய்தியில் அதைப் பார்த்ததும் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். ஒரே ஒரு கப்பல், பாதர். கோகுவின் படை அவ்வளவுதான். சிரிப்பை அடக்க நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் கேட்டார்: "அப்ப நான் அதுகளை மாதா மடியிலயிருந்து மாகோகுக்கோ கூப்பிடுறன்?"

நான் அவருக்கும் ஒரு குவளை தண்ணீர் நீட்டினேன்.

"இவ்வளவு வருசமா வாய் திறக்காத டெனிஷ்காரன், சண்டை வரப்போற நேரம் பாத்து வா எண்டுறான். ஏன் சொல்லும் பாப்பம்?"

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு எந்த ஊர் மனிதனும் அனுமதி கிடைத்ததும் துள்ளியிருப்பான். எங்கள் ஆட்கள் இங்கே காத்திருந்து காத்திருந்து, பொறு என்பவனை நல்லவன் என்றும் வா என்பவனைச் சூதுக்காரன் என்றும் பழகிவிட்டார்கள். நிலத்தை வேறு ஆட்கள் உழுது வைத்திருந்தார்கள். நான் போட்டது ஒரு பிடி விதை.

அன்றே கிளோறியாவுக்குப் போன் எடுத்தார். "வான் வேண்டாம். கொக்காவை மடுவை விட்டு வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லியனுப்பு. நான் சொல்லுமட்டும் அங்கயே நிக்கட்டும்."

கிளோறியாவின் குரல் சோபாவில் இருந்த எனக்கே கேட்டது. "உங்களுக்கென்ன விசரே அத்தான்? பெடியனுக்குக் காய்ச்சல். சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது. பிளேன் ரிக்கற்றையும் வைச்சுக்கொண்டு நான் இஞ்ச என்னத்தைச் செய்ய?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிச் செபிப்பதுபோல் இருந்தேன். அவர் போனை வைத்தார்.

தை மாதம் இஸ்ரேலில் ஏவுகணைகள் விழுந்தன. அண்ணை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதார், சந்தோசத்தில். அனுமதியின் காலமும் அந்த மாதம்தான் முடிந்தது. மாசியில் யுத்தம் முடிந்தது. மெசியா வரவில்லை.

"என்ன தம்பி இது?" என்றார்.

"விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்குப் போல, அண்ணை."

அவர் சிரித்தார். எனக்கு ஆச்சரியம். அவருக்குப் பகிடி விளங்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். மனிதர்களை அவசரப்பட்டு எடைபோடக்கூடாது.

வைகாசியில் அக்கா பொறுமை இழந்து மகனோடு இந்தியாவுக்குப் படகேறினார். படகு கவிழ்ந்தது, ஒருவரும் தப்பவில்லை என்று கிளோறியா போனில் அழுதார். நீங்கள் வந்து மரித்தோர் பூசை வைத்தீர்கள். பிரசங்கம் நன்றாக இருந்தது. நானும் கொஞ்சம் கலங்கினேன். பிறகு கிளோறியா கனடாவுக்குப் போய்விட்டார்.

ஒருவரும் தப்பவில்லை என்பது பிழை, பாதர்.

அடுத்த வருடம் ஒரு பகல், அண்ணை வேலையில் நின்ற நேரம், போன் அடித்தது. முதலில் ஒரு பிள்ளையின் குரல். "அப்பாவோ?" என்று கேட்டது. இல்லை என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு அக்கா. "இந்தியாவில மண்டபம் முகாமில இருந்து மேரிசெலின் கதைக்கிறன். போன் எடுக்க இப்பத்தான் வெளியால விட்டவங்கள். விலாசம் கடலோட போட்டுது, இந்த நம்பர் மட்டும் பாடம். அவர் நிக்கிறாரோ தம்பி?"

ஜன்னலுக்கு வெளியே குடாக்கடல் மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னும் படிப்பு மிச்சமிருந்தது. இனி மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு, அண்ணை மறுபடி அந்தக் கட்டிலுக்கு விரிப்பு வாங்குவார். இதையெல்லாம் ஒரு மனிதனை இரண்டாம் தரம் அனுபவிக்க வைப்பது நல்லதில்லை என்று யோசித்தேன்.

"அக்கா, நீங்கள் கடலில மோசம் போட்டியள் எண்டு இஞ்ச மரித்தோர் பூசையும் வைச்சாச்சு," என்றேன். "அண்ணை இப்ப ஒரு டெனிஷ்காரியோட வேறை ஊரில. பிள்ளை ஒண்டும் கிடைச்சிருக்கு."

பிள்ளை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு விவரம் கூடுதலாக வந்துவிடுகிறது.

"ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன்.

"நல்லா இருக்கட்டும். நான் உயிரோட இருக்கிறதை அவரிட்டைச் சொல்லாதையும் தம்பி. சத்தியமாச் சொல்லக்கூடாது."

சத்தியம் பண்ணினேன். இன்றுவரை காப்பாற்றுகிறேன். அக்கா மறுபடி போன் எடுக்கவில்லை.

எனக்குக் கவலை வந்தது, நீங்கள் முகாம்களுக்குப் போகும் எண்ணத்தைப் பூசையில் சொல்லத் தொடங்கிய பிறகுதான். மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு நடுவிலும் நீங்கள் கட்டிவைத்த மணப்பெண்ணை அடையாளம் கண்டுவிடுவீர்கள். அந்த நாட்களில் அண்ணை மன ஆறுதலுக்காகப் போன ஞானோபதேச வகுப்புக்கு, கிறிஸ்தவன் அல்லாத நானும் துணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியில் சொல்லக்கூடாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக்கூடாது என்று சிஸ்ரர் யசிந்தா படிப்பித்தா. அன்றிலிருந்து நான் வகுப்பில் முன்வரிசை. மார்கழியில், நத்தார்த் திருநாளுக்கு ஞானஸ்நானம் பெற்றேன். அண்ணைதான் ஞானத்தகப்பன். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தேன். அது அவர் வாங்கித் தந்தது.

போன மாதம் அந்தத் தமிழர் விண்ணப்ப விவகாரத்தில் டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. பத்திரிகையில் படித்துவிட்டு அண்ணை சொன்னார்: "இனியென்ன தம்பி. ஆருக்கு வந்து ஆருக்கு என்ன." போன பூசையில் நீங்கள் அறிவித்தீர்கள், பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு மண்டபம் போவதாக. ஆகையால் இன்று வந்தேன்.

பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபம் இல்லாத சங்கீர்த்தனம் செல்லாது என்று நீங்கள் சொல்லலாம். அதையும் யோசித்தேன். நான் மெய்யாகவே வருந்துகிறேன். ஒரு கிழமையாகப் பழகியிருக்கிறேன். நீங்கள் முகாமுக்குப் போங்கள், அது நல்ல ஊழியம். ஆனால் அக்காவைத் தேடிப் போக உங்களால் முடியாது. எதிரில் வந்தாலும், என்னிடம் கேட்டதை வைத்து எதையும் விசாரிக்க முடியாது. இனி நாங்கள் இரண்டு பேர் சுமக்கிறோம். பாவசங்கீர்த்தனம் செய்தால் மனம் லேசாகும் என்று சிஸ்ரர் சொன்னது சரிதான்.

எனக்கு அபராதம் என்னவென்று சொல்லுங்கள், செபமாலை என்றாலும் பரவாயில்லை. வரிசையில் அடுத்ததாக நிற்பவர் நீக்கிலாஸ் அண்ணை. ஒவ்வொரு தரமும் அவர் ஒரே பாவத்தைத்தான் சொல்வாராம், என்னிடமே சொல்லியிருக்கிறார்: மனைவியையும் மகனையும் தானே கொன்றதாக. அவருக்குப் பக்குவமாக ஆறுதல் சொல்லுங்கள், பாதர். ஆனால் அதிக நேரம் வைத்திருக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் அவர்தான் சமைக்க வேண்டும், எனக்கு இப்போதே பசிக்கிறது.